கிரோஸ்பெக் றோவர்ஸின் முப்பத்தோராம் நாள்

வசந்தமலர் அழவில்லை என்ற செய்தி பன்னிரண்டாம் நாளுக்குள் ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் அடுக்குமாடிகள் முழுவதும் பரவிவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? புருஷனை எரித்த அன்றும் அழவில்லையாம். பெட்டியை மூடும்போதும் அழவில்லையாம். வந்தவர்களிடம் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ என்று கேட்டாளாம். கேட்டது உண்மைதான். வந்தவர்களில் நீரிழிவுக்காரர் நாலு பேர் இருந்தார்கள். கேட்காமல் எப்படிக் கொடுப்பது?

அழுகை ஏன் வரவில்லை என்பது அவளுக்கே விளங்கவில்லை. ஆனந்தராஜா முப்பது வருடத்துக்கு மேல் அவளோடு வாழ்ந்தவர். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பொதி பிரிக்கும் வேலைக்கென்று வெளிக்கிட்டவர், தே-பான சுரங்கரயில் நிலையத்து வாங்கில் அமர்ந்து ரயிலுக்குக் காத்திருந்தபடியே போய்விட்டார். இரண்டு ரயில் வந்து போன பிறகுதான் ஒருவர் கவனித்தாராம். இதை அவளிடம் சொன்ன நோர்வேப் பொலிஸ்காரிக்குக் கண் கலங்கியது. வசந்தமலர் அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு முழுக்க. தொட்டால் தொடுவது தெரிந்தது, நோவு தெரியவில்லை. சாப்பிட்டாள், படுத்தாள், எழும்பினாள். சாவுத் தீட்டுப் பட்ட துடக்கு வீடென்று உறைபெட்டியில் இருந்த கோழியையும் மீனையும் எடுத்து மேல்வீட்டு நோர்வேக்காரிக்குக் கொடுத்தாள். முப்பத்தொரு நாளைக்கு மச்சம் மாமிசம் ஆகாது என்று அவளுக்கு விளங்கப்படுத்தவும் செய்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

"அழும், மலர். வாய்விட்டு அழும். அடக்கி வைச்சா அது உள்ளுக்கை நிண்டு கொல்லும்" என்று தவமணி தினமும் வந்து சொல்லிவிட்டுப் போனாள். தவமணி ஆனந்தராஜாவின் மூத்த அக்கா. அறுபத்தாறு வயது. அழுகையைப் பொறுத்தவரை அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. தம்பிக்காக ஊருக்கே போதுமான அளவு அழுது முடித்திருந்தாள். அழாத நேரத்தில் ஆட்களை அதட்டினாள். "ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, பாரும். உமக்கு விளங்கேல்லை, சனம் என்னமாதிரிக் கதைக்குதெண்டு."

"விளங்குது மச்சாள்" என்றாள் வசந்தமலர். விளங்கி என்ன செய்வது? கண்ணீரைக் கடையிலா வாங்குவது?

அதற்குள் கல்வெட்டு வேலை தலைக்கு மேல் வந்து நின்றது. கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் கையில் கொடுக்கும் புத்தகம். முன்பக்கத்தில் செத்தவரின் படம், தோற்றம், மறைவு. உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வீட்டார் ஒவ்வொருவரும் ஒப்பாரி வைப்பது போலச் செய்யுள். ஒஸ்லோவில் யாழ்ப்பாணத்தார் வீடுகளில் கார் இல்லாத வீட்டைக் காணலாம், அலுமாரியில் பத்துக் கல்வெட்டாவது இல்லாத வீட்டைக் காண்பது கஷ்டம்.

பதினாறாம் நாள் அன்று மகள் ஹம்சத்வனி ஒரு நீலக் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவள் பேர்கனில் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். அப்பாவின் காரியங்களுக்காக விடுப்பு எடுத்து வந்திருந்தாள். கோப்பு ஆனந்தராஜாவின் வேலைத்தளத்து அலுமாரிக்குள் இருந்ததாம். உள்ளே நூற்றுப்பத்துப் பக்கம், எல்லாம் அவருடைய கையெழுத்து. முதற்பக்கத்தில் சிவப்பு மையால் இரண்டு வரி எழுதியிருந்தது: "என் கல்வெட்டில் போடவும். சுருக்க வேண்டாம்."

தவமணி அடுத்த பக்கத்தைப் புரட்டித் தலைப்பை வாய்விட்டு வாசித்தாள். "கிரோஸ்பெக் றோவர்ஸ் உதைபந்தாட்டக் கழக வரலாறு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தாள். எழுத்து மாறவில்லை.

"இதென்ன கோதாரி?"

"அப்பாவின்ர கிளப், மாமி. இங்கிலாந்தில" என்றாள் ஹம்சத்வனி. "செத்தவீட்டுக்கு வந்த அப்பாவின்ர நோர்வேச் சிநேகிதர் ஸ்டெய்னார் ஒரு மண்ணிறச் சால்வையைப் பெட்டிக்குள்ள வைச்சாரெல்லோ? அந்தக் கிளப்தான். நோர்வேயில அதுக்கு ஒம்பது ரசிகர்தான் இருக்கினம். அப்பாவும் ஒராள்."

"அது சால்வையோ? நான் ஆரோ குசினித் துணியைப் போட்டுட்டாங்கள் எண்டெல்லோ நினைச்சனான்!" தவமணிக்கு மூச்சு வாங்கியது. "பந்தடிக்கிற வெள்ளையளின்ர கதையை என்ர தம்பியின்ர கல்வெட்டில போடுறதோ? சனம் வழிச்சு வழிச்சுச் சிரிக்கும். அவனுக்கு விசர். சின்னனிலையிருந்தே விசர்."

"சுருக்க வேண்டாமெண்டும் எழுதியிருக்கிறார், மாமி."

"சிவபுராணத்தையே சுருக்கித்தான் போடுறம். இவற்ர பந்தடியைச் சுருக்கக் கூடாதாமோ?"

இருவரும் வசந்தமலரைப் பார்த்தார்கள். அவள் கோப்பின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். இதைப் போட்டால் ஊர் சிரிக்கும். போடாவிட்டால் அவர் கேட்ட ஒரே ஒன்றையும் செய்யாதவளாவாள். முப்பது வருடத்தில் அந்த மனுசன் அவளிடம் வாய்திறந்து ஒன்றைக் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. பால் முடிந்தாலும் சொல்லமாட்டார், தானே போய் வாங்கிவருவார்.

"யோசிப்பம் மச்சாள்" என்றாள்.

பத்தொன்பதாம் நாள் அவளும் மகளும் குறொன்லாண்டுக்குப் போனார்கள். அங்கே மரக்கறிக் கடைகளுக்கு நடுவே கீர்த்திகனின் அச்சகம். கலியாண அழைப்பிதழ், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், கல்வெட்டு மூன்றையும் ஒரே கணினியில் செய்கிற கெட்டிக்காரன். ஒன்றுக்குள் மற்றது கலக்காத வரைக்கும் பிரச்சினை இல்லை.

"மனைவி புலம்பல் மூண்டு வகை இருக்கு, அக்கா" என்று சொல்லிக்கொண்டு திரையைத் திருப்பிக் காட்டினான். "இது நல்லா ஓடுறது. பாருங்கோ."

*பூவும் பொட்டும் போனதையா பொன்னான வாழ்வும் போனதையா*
*நாவும் உலர்ந்து தவிக்கின்றேன் நல்லவரே சிவசம்பு*

"சிவசம்பு ஆர்?" என்று ஹம்சத்வனி கேட்டாள்.

"அது போன மாசத்து ஆள். பேரை மட்டும் மாத்தினால் சரி. ஆனந்தராஜா எண்டால் கொஞ்சம் நீளுது, எழுத்தைச் சின்னனாக்கிச் சமாளிப்பம்."

வசந்தமலர் செய்யுளை முழுவதும் வாசித்தாள். சிவசம்புவின் மனைவியை அவளுக்குத் தெரியும். அந்த மனுசி உண்மையிலேயே நா உலர்ந்து தவித்தவள். அவளுக்கு இது பொருந்தியிருக்கும். தன்னை அந்த வரிகளுக்குள் நிறுத்திப் பார்த்தாள். வேறு யாரோ ஒருத்தியின் சட்டையைப் போட்டது போல இருந்தது.

"சனிக்கிழமைக்குள்ளை எல்லாம் தந்தீங்களெண்டால்தான் முப்பத்தொண்டுக்கு அடிச்சுத் தரலாம், அக்கா. வரலாறும் வேணும், புலம்பலும் வேணும்."

"சனிக்கிழமை தாறன்" என்றாள்.

இருபத்திரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. வெளியே பனி உருகியும் உருகாமலும் கிடந்தது. வசந்தமலர் குசினி மேசையில் இருந்து பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஹம்சத்வனி கோப்பைத் திறந்து வைத்து வாசித்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புவரை படித்த பிள்ளை, தட்டுத்தடுமாறினாலும் வாசித்துவிடுவாள்.

ஆனந்தராஜாவுக்கு ஒரு வாழ்க்கை வரலாற்றை எப்படி எழுதுவதென்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் கண்ட வரலாறெல்லாம் கல்வெட்டுகளில்தான். ஆகவே கழகத்துக்கும் ஒரு கல்வெட்டையே எழுதி வைத்திருந்தார்.

*தோற்றம்: 1883 ஐப்பசி. மறைவு: 24.04.2019, விகாரி வருடம் சித்திரைத் திங்கள் அபரபக்கப் பஞ்சமி. இங்கிலாந்துத் திருநாட்டின் வடபால், நூலாலைகள் பல நிறைந்த கிரோஸ்பெக் பதியில், ஞாயிறு பள்ளி மாணவர் பன்னிருவருக்கு ஏக புத்திரனாக இக்கழகம் அவதரித்தது.*

"ஏக புத்திரன் எண்டால்?"

"ஒரே பிள்ளை."

"பன்னிரண்டு பேருக்கு ஒரு பிள்ளையோ?" ஹம்சத்வனி சிரித்தாள், சிரித்ததற்காக அப்பாவின் படத்தை ஒரு தரம் பார்த்தாள், பிறகு தொடர்ந்தாள்.

சாயம் போடும் ஆலையில் ஒருவரும் வாங்காமல் மிஞ்சிய சாயத்தில் முதல் சேட்டுகளைத் தோய்த்தார்களாம். அதுதான் அந்தக் காய்ந்த பாக்கு நிறம். பிறகு வசதி வந்தபோதும் மாற்றவில்லையாம். 1911இல் கிண்ணத்துக்கான அரையிறுதி வரை வந்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஆனந்தராஜா இப்படி எழுதியிருந்தார்: *எங்கள் ஆள் ஒருவரின் காலில் பட்டே பந்து எங்கள் வலைக்குள் போயிற்று. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கலாம்.*

முதலாம் உலகப் போருக்குப் பதினொருவர் போய் நால்வர் திரும்பினார்கள். திரும்பியவர்களில் ஒருவருக்கு ஒரு கால்தான். அவர் பிறகு நாற்பது வருடம் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டார். முப்பதுகளில் ஒரேயொரு வருடம் முதலாம் பிரிவில் ஆடினார்கள். அதற்கு மட்டும் ஒன்பது பக்கம். அதற்குப் பிறகு இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு, நாலாம் பிரிவு என்று கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. தேய்ந்ததையும் விடாமல் வருடம் வருடமாக எழுதியிருந்தார்.

ஆளில்லாத வீட்டில் வானொலி பாடுவது போல அது ஓடிக்கொண்டிருந்தது. வசந்தமலர் பயிற்றங்காயை ஒரே அளவாக முறித்தாள். நல்ல மனுசன், நல்லாய்த்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தாள். வேறொன்றும் தோன்றவில்லை.

1988க்கு வந்தபோது ஹம்சத்வனியின் குரல் தணிந்தது. அகதியாக வந்து வடக்கே மீன் ஆலையில் வேலை செய்த முதல் மாரிக்காலம். பகலில் வெளிச்சம் இல்லாத ஊர். சனிக்கிழமைகளில் நோர்வேத் தொலைக்காட்சி இங்கிலாந்து ஆட்டமொன்றைக் காட்டும். ஆலை விடுதியில் எல்லோரும் கூடி இருந்து பார்ப்பார்கள். ஆளுக்கொரு பெரிய கழகத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். அன்று பெரிய கழகமொன்று கிரோஸ்பெக்கை ஏழுக்குப் பூச்சியம் என்று அடித்தது.

*விடுதியில் எல்லோரும் சிரித்தார்கள். ஏழாவது கோலுக்குப் பிறகு கிரோஸ்பெக் கோல் காப்பாளர் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தார். தன் சேட்டில் அதன் சேற்றைத் துடைத்தார். பிறகு நடுவுக்கு உருட்டிவிட்டார். துடைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அன்றிலிருந்து நான் கிரோஸ்பெக்.*

"அம்மா, உங்களுக்கு இது தெரியுமோ?"

"இல்லை" என்றாள் வசந்தமலர். சனிக்கிழமைகளில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று மட்டும்தான் தெரியும். வென்றால் கோப்பை பீங்கான் கழுவுவார். தோற்றாலும் கழுவுவார், மெதுவாக.

"இது கடைசி காபிட்டல், கடைசி அத்தியாயம். மறைவு." ஹம்சத்வனி தாளைத் திருப்பினாள்.

மைதானம் கைமாறி, கழகம் நொடிந்து, பருவம் முடிய மூன்று ஆட்டம் இருக்கும்போதே அதை லீக்கிலிருந்து வெளியே போட்டுவிட்டார்கள். நூற்று முப்பத்தைந்து வருடம் நடந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம் முடிந்தது. ஸ்டெய்னார்தான் வேலைத்தளத்துக்குத் தொலைபேசியில் சொன்னாராம். அதற்குக் கீழே எழுத்து கொஞ்சம் சரிந்திருந்தது.

*அன்று வீட்டுக்கு வந்து மேற்சட்டையைக் கழற்றாமல் குசினியில் இருந்தேன். மலர் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி வைத்துத் தந்தாள். முப்பத்தொரு நாள் துடக்குக் காப்பதென்று எனக்குள் முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். இனி மரக்கறியே காணும், மீன் இறைச்சி வேண்டாம் என்றேன். மலர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மாதம் பேர்கனில் ஒரு கலியாணம். நான் வரவில்லை என்றேன். அப்ப நானும் போகேல்லை என்றாள். துடக்கு வீட்டார் நல்ல காரியத்துக்குப் போவதில்லை. முப்பத்திரண்டாம் நாள் சனிக்கிழமை, நான் வாய் திறக்க முன்னமே, குறொன்லாண்டில் பாரை மீன் வாங்கிவந்து காய்ச்சினாள். என்னோடு சேர்ந்து அவளும் நாளை எண்ணியிருக்கிறாள். இந்த நாட்டில் ஒரு பந்தடிக் கழகத்துக்காக என்னோடு துடக்குக் காத்த ஒரே சீவன் என் மனைவி. இதைப் பற்றி அவளோடு நான் ஒருநாளும் கதைக்கவில்லை. கதைத்தால் அழுதுவிடுவேன்.*

ஹம்சத்வனி அழுதுவிட்டாள். "அம்மா! நீங்கள் எண்ணினனீங்களோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை!"

வசந்தமலரின் கையில் முறித்த பயிற்றங்காய் அப்படியே இருந்தது.

அந்தச் சித்திரை மாதம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முதல் கிழமைதான் வைத்தியர் இவருக்குக் கொலஸ்ரரோல் கூட என்று சொல்லியிருந்தார். மரக்கறி காணும் என்று இவர் சொன்னதும், கடவுளே, இந்த மனுசனுக்கு இப்பவாவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டாள். கேட்டால் மனம் மாறிவிடுமோ என்றுதான் ஏன் என்று கேட்கவில்லை. பேர்கனுக்குப் போகாததற்குக் காரணம் அவளுடைய முழங்கால். பாரை மீன்? ஒரு மாதமாகப் பருப்பும் கீரையும் தின்று அவளுக்கு நாக்குச் செத்துப் போயிருந்தது. அன்று மீன் கடையைக் கடந்து போகும்போது வாய் கேட்டது. கொலஸ்ரரோலாவது ஒன்றாவது, ஒருநாள் தின்றால் செத்தா போவார் என்று நினைத்து வாங்கினாள்.

அவர் அன்று தலை குனிந்தபடி சாப்பிட்டார். முள்ளெடுக்கிறார் என்று நினைத்தாள்.

"நான் எண்ணேல்லை, பிள்ளை" என்றாள்.

வாசல் மணி அடித்தது. தவமணிதான். பேத்தை மீன்போல் முகம் வீங்கி நின்ற ஹம்சத்வனியைக் கண்டு பதறி, என்ன ஏதென்று கேட்டு, கடைசிப் பக்கத்தைக் கையில் வாங்கி நின்றபடியே வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மலர்ந்தது. காற்று அடிக்கும் திசையைத் தவமணிக்கு ஒருவரும் காட்டித்தர வேண்டியதில்லை.

"மலர், இதைப் போடவேணும்! ஒரு எழுத்தும் விடாமல் போடவேணும்!" என்றாள். "அழாத கல்நெஞ்சுக்காரி எண்டு கதைச்ச சனமெல்லாம் வாசிக்கட்டும். புருசன்ர பந்தடிக்குக்கூட முப்பத்தொரு நாள் துடக்குக் காத்தவள் எண்டு வாசிச்சுப்போட்டு வாயைப் பொத்தட்டும்!"

"நான் காக்கேல்லை மச்சாள். நான் கொலஸ்ரரோல் எண்டு நினைச்சனான்."

தவமணி ஒரு கணம் யோசித்தாள். "அது ஆருக்குத் தெரியப்போகுது?"

ஒருவருக்கும் தெரியாதுதான். அதுதான் வசந்தமலரின் நெஞ்சுக்குள் போய்த் தைத்தது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆளுக்கும் தெரியாது. ஆறு வருடம் அந்த மனுசன் அவளுக்குப் பிழையாகப் புள்ளி போட்டு வைத்திருந்தார். ஒரு துக்கத்தில் தனக்குத் துணை இருந்தது என்று நம்பிக்கொண்டு கோப்பை கழுவினார், பொதி பிரித்தார், அந்த வாங்கில் போய் இருந்தார். உண்மையில் அவர் தனியத்தான் துடக்குக் காத்திருக்கிறார், ஒரே மேசையில் அவளுக்கு எதிரே இருந்து. இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்கு நொந்தது. அப்போதும் கண்ணீர் வரவில்லை.

"ஓம், போடுவம்" என்றாள். "சுருக்காமல் போடுவம்."

தவமணி திருப்தியோடு தேத்தண்ணி கேட்டாள்.

சனிக்கிழமை காலை கீர்த்திகனின் கடைக்கு வசந்தமலர் தனியாகப் போனாள். நீலக் கோப்பைக் கொடுத்தாள். நூற்றுப்பத்துப் பக்கமா என்று அவன் தலையில் கைவைத்துவிட்டு, சின்ன எழுத்தில் இரண்டு பத்தியாகப் போட்டால் அடக்கலாம் என்றான்.

"புலம்பல் எந்த வகை, அக்கா?"

கைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினாள். அவன் விரித்து வாசித்தான். மீண்டும் ஒருமுறை வாசித்தான். வாடிக்கைக்காரர் மனம் நோகாமல் கதைத்துப் பழகியவன் அவன். ஆனாலும் தாளைத் திருப்பி அவள் பக்கமே நீட்டினான்.

"அக்கா, இது புலம்பல் மாதிரி இல்லையே. இதைப் போட்டால் உங்களுக்குத்தானே..."

"தலைப்பு அதேதான். மனைவி புலம்பல். அதுக்குக் கீழை இதைப் போடுங்கோ."

அந்தியேட்டி ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோவ்னரில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நடந்தது. ஐயர் கிரியைகளை முடித்துக்கொண்டு இன்னொரு வீட்டுக்கு ஓடினார். சாப்பாடு பரிமாறும் வரைக்கும் சனத்துக்கு வேறு வேலை இல்லை, கல்வெட்டைப் புரட்டினார்கள். முதலில் ஒரு சலசலப்பு, அங்கங்கே ஒரு நமட்டுச் சிரிப்பு. பிறகு மண்டபம் மெல்ல அடங்கியது. ஆண்கள் பக்கத்தில் யாரோ ஒருவர், அந்த அரையிறுதியில் நடுவர் சரியாகப் பார்த்திருந்தால் கதையே வேறு என்று தொடங்கினார். கிரோஸ்பெக் என்ற பெயரைப் பத்து நிமிடத்துக்கு முன்தான் அவர் கேள்விப்பட்டிருந்தார். பின்வரிசையில் ஸ்டெய்னார் மண்ணிறக் கழுத்துப்பட்டியோடு வாழையிலையை வியந்தபடி இருந்தார். அவருக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. படத்துக்குக் கீழே இருந்த ஆண்டுகளையும், மைதானப் படத்துக்குக் கீழே இருந்த ஆண்டுகளையும் மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

தவமணி முன்வரிசையில் இருந்து பெருமையாகக் கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள். மறைவு அத்தியாயத்தை இன்னொருமுறை வாசித்துப் பக்கத்தில் இருந்தவளுக்கும் காட்டினாள். அடுத்த பக்கத்தில் மனைவி புலம்பல் இருந்தது. செய்யுள் இல்லை. கதைக்கிற மாதிரியே அச்சடித்திருந்தது.

*இஞ்சேருங்கோ, நீங்கள் எழுதினது பிழை. நான் எண்ணேல்லை. வைத்தியர் சொன்ன கொலஸ்ரரோலுக்கெண்டு நினைச்சனான். பேர்கனுக்குப் போகாதது என்ர முழங்காலால. பாரை மீன் வாங்கினது எனக்கு வாய் கேட்டதால. உங்களுக்கு ஒரு துக்கம் நடந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கவேணும். இந்தமுறை எண்ணுறன். இதை எழுதேக்க இருபத்திமூண்டு.*

தவமணி புத்தகத்தை மூடினாள். அன்று பிற்பகல் முழுவதும் தவமணி யாரையும் அதட்டவில்லை என்பதைப் பலரும் கவனித்தார்கள். வசந்தமலர் பந்தியில் நின்று பாயாசம் ஊற்றினாள். அவளைக் கடந்து போன பெண்கள் அவள் முகத்தை நேராகப் பார்த்துவிட்டு, பிறகு கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்குத் தொடுவது தெரிந்தது.

மாலையில் ஹம்சத்வனி பேர்கன் ரயில் ஏறினாள். வீடு வெறுமையாக இருந்தது. வசந்தமலர் மிஞ்சிய கல்வெட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, மேசையைத் துடைத்துவிட்டுப் படுத்தாள்.

திங்கட்கிழமை முற்பகல் வாசல் மணி அடித்தது. திறந்தாள். தவமணி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். சப்பாத்தில் பனி. அறுபத்தாறு வயதில், வழுக்குகிற வீதியில், தே-பான ஏறிக் குறொன்லாண்டுக்குப் போய் வந்திருக்கிறாள். கையில் ஒரு வெள்ளைப் பை. பையின் அடியில் ஈரம் சொட்டியது.

"பாரை" என்றாள் தவமணி. "இண்டைக்கு முப்பத்திரண்டு. நானும் எண்ணினனான்."

வசந்தமலர் பையை வாங்க இரண்டு கையையும் நீட்டினாள். கை நீட்டியபடியே சப்பாத்துக் கழற்றுகிற சின்ன வாங்கில் இருந்துவிட்டாள். அவள் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடையது என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. பிறகு அவள் அழுதாள். மேல்வீட்டு நோர்வேக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு, வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதாள்.

தவமணி ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, மேற்சட்டையைக் கழற்றிக் கொழுவிவிட்டு, மீனை எடுத்துக்கொண்டு போய்க் குசினியில் கழுவத் தொடங்கினாள்.